பதினாறு இழை மாமியார்

சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லாத ஜெல்லிமீன் அது. கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் எது, மீன் எது என்று பிரித்துப் பார்க்கவே சாதாரண ஆளுக்குக் கால் மணி நேரம் ஆகும். அதிலும் இரண்டு இனம் உண்டு, ஒன்றின் குடை விளிம்பில் இருபத்து நான்கு இழைகள் தொங்கும், மற்றதில் பதினாறு தொங்கும் என்று அடித்துச் சொல்லக்கூடியவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் கடலோர ஆய்வு நிலையத்தின் முதல் மாடியில் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம், ஏனென்றால் அவருக்கு வந்த கஷ்டமெல்லாம் அந்தப் பதவியால் வந்ததுதான்.

இருபத்து நான்கு இழைக்காரியை அவர் கண்டுபிடித்து நான்கு வருடம் ஆகிறது. புது இனத்துக்குக் கண்டுபிடித்தவரே பெயர் வைக்கலாம், தன் பெயரைத் தானே வைத்துக்கொண்டால் மட்டும் நாலு பேர் சிரிப்பார்கள். மாப்பிள்ளை அதிகம் யோசிக்கவில்லை. அம்மாவின் பெயரை எடுத்து, அதற்கு ஒரு லத்தீன் வாலை ஒட்டி, அச்சுக்கு அனுப்பிவிட்டார். வேறு ஊரில் இருந்த அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார். "சரிப்பா, சாப்பிட்டியா?" என்று அம்மா கேட்டார். விஷயம் அதோடு முடிந்தது என்று மாப்பிள்ளை நினைத்தார்.

வீட்டில் முடியவில்லை. மாமியார் அவர்களோடுதான் இருந்தார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொந்தத் தம்பியையே ஒருமுறை டிக்கெட் இல்லாமல் பிடித்து, பாதி வழியில் இறக்கிவிட்டவர். தம்பி அன்று போய்க்கொண்டிருந்தது அக்காவைப் பார்க்கத்தான். சம்பந்தி பெயரில் ஒரு பிராணி இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் மாமியார் "ரொம்ப சந்தோஷம்" என்று சொன்னார். அந்த இரண்டு வார்த்தைக்குப் பிறகு அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆனால் தொலைக்காட்சியில் கடல் வந்துவிட்டால் போதும், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

"என்னம்மா அப்படிப் பாக்கறே?" என்று மகள் கேட்பாள்.

"சம்பந்தி எங்கயாவது தெரியறாங்களான்னு பாக்கறேன்."

மகள் மருந்துக்கடை வைத்திருந்தாள். எதையும் அளவாகச் சொல்லும் பழக்கம் அவளுக்கு. ஒரு நாள் கணவனிடம் சொன்னாள்: "எங்கம்மா ஒண்ணுமே கேக்கல."

"நானும் ஒண்ணும் சொல்லலையே."

"கேக்கலன்னுதான் சொல்றேன். நாலு வருஷமா கேக்காம இருக்காங்க. அதுக்கு எவ்வளவு தம் புடிக்கணும்னு உங்களுக்குத் தெரியுதா?"

மாப்பிள்ளைக்குத் தெரிந்தது. அதிலிருந்து வலையில் வருவதையெல்லாம் அவர் கொஞ்சம் கூடுதல் ஆசையோடு பார்க்க ஆரம்பித்தார். அப்படிப் பார்த்த ஒரு காலை நேரத்தில்தான், படகுத்துறை ஓரம் வாரிய தண்ணீரில், அம்மாவைப் போலவே இருந்த ஒன்று கிடைத்தது. அதே குடை, அதே நான்கு குழாய்கள், அதே வெளிறிய நிறம். இழைகள் மட்டும் பதினாறு. ஒன்றல்ல, பன்னிரண்டு உருப்படிகள், எல்லாவற்றுக்கும் பதினாறு.

"குட்டியா இருக்கும் தம்பி," என்றார் அடுத்த மேஜைக்காரர். இருபது வருடமாக நண்டு மட்டுமே பார்த்து வந்ததால் அவருக்கு நண்டுக்காரர் என்று பெயர். "குட்டிக்கு இழை கம்மியாத்தான் இருக்கும். பெருசானா சரியாயிடும்."

மாப்பிள்ளையும் அதை யோசிக்காமல் இல்லை. பன்னிரண்டையும் உருளைக் குடுவையில் விட்டு நாற்பது நாள் உயிரோடு வைத்துப் பார்த்தார். குறிப்பேட்டில் தினமும் எண்ணி எழுதினார். பதினாறு பதினாறாகவே இருந்தது. குடைக்குள் நான்கு குழாய்களிலும் முட்டைப் பை லேசாக அரும்பியும் இருந்தது. வளர்ந்து முடித்த பிராணி, எனவே புது இனம் என்று எழுதினார்.

அங்கேதான் ஒரு சங்கதி இருக்கிறது. அந்த ஆய்வு நிலையத்தில் ஜெல்லிமீனுக்குத் தீனி போட ஒரு முறை இருந்தது: இரண்டு நாளைக்கு ஒரு தடவை, இரண்டே சொட்டு. தீனி என்பது அப்போதுதான் பொரிந்த உப்பு இறால் குஞ்சுகள். பார்வைக்கு ஆரஞ்சு நிறத் தூசி. மிச்சம் விழுந்தால் தண்ணீர் கெடும். கெட்டால் மாற்ற வேண்டும். மாற்ற வேண்டுமென்றால் கீழே போய்க் கடல்நீர் பிடித்து, வாளியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற வேண்டும். மாடி ஏற யாருக்கும் மனமில்லாததால் இரண்டு சொட்டு என்பது காலப்போக்கில் அறிவியல் ஆகிவிட்டது. யார் ஆரம்பித்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. மாப்பிள்ளை தன் கட்டுரையிலும் "வழக்கமான தீனி முறைப்படி" என்று எழுதினார். அச்சில் அது கம்பீரமாகத்தான் இருந்தது.

பதினாறு இழைக்கு மாமியார் பெயர் வந்தது.

அன்று வீட்டில் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால், மாமியார் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து, இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். அடுத்த வாரம் மாப்பிள்ளை வரைந்த படத்துக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். அடுக்குமாடியில் முப்பத்தாறு வீடுகள் இருந்தன. முப்பத்தாறுக்கும் செய்தி போனது. லிஃப்டில் யாராவது சிக்கினால், கதவு மூடுவதற்குள் ஆரம்பித்து நான்காவது மாடிக்குள் முடித்துவிடுவார். "எனக்குப் பதினாறு. சம்பந்திக்கு இருபத்துநாலு. ஆனா எனக்கு நீச்சல் வேகம் ஜாஸ்தியாம்."

நீச்சல் வேகம் பற்றி மாப்பிள்ளை எங்கும் எழுதவில்லை. திருத்தவும் இல்லை.

பிறகு மாமியார் புதன்கிழமைதோறும் ஆய்வு நிலையத்துக்கு வர ஆரம்பித்தார். வாசலில் இருந்த காவலாளி பார்வையாளர் பதிவேட்டை நீட்டினால், யாரைப் பார்க்க என்ற கட்டத்தில் "என்னை" என்று எழுதினார். மாடி ஏறி வந்து, கைப்பையை நண்டுக்காரர் மேஜையில் வைத்துவிட்டு, குடுவையின் முன் குனிந்தார்.

"நான் எப்படி இருக்கேன் மாப்பிள்ளை?"

"நல்லா நீந்தறீங்க அத்தை."

"என்ன இப்படி இளைச்சுக் கெடக்கேன்?"

"அதோட உடம்பே அப்படித்தான் அத்தை. நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பங்கு தண்ணி."

"மீதி அஞ்சு பங்குக்காவது சாப்பாடு போடலாமில்ல?"

நண்டுக்காரர் தன் நண்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். மாப்பிள்ளை இரண்டு சொட்டு முறையை விளக்கினார். மாமியார் முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, "இதைச் சொன்னது யாரு?" என்றார். மாப்பிள்ளை நண்டுக்காரரைப் பார்த்தார்.

அந்த மாதம் கணக்கெடுப்புப் படகில் மாப்பிள்ளை பதினெட்டு நாள் கடலுக்குப் போக வேண்டி வந்தது. குடுவையை நண்டுக்காரரிடம் ஒப்படைத்தார். நண்டுக்காரர் அதை மாமியாரிடம் ஒப்படைத்தார். இதில் சதி எதுவும் இல்லை. ஒருவருக்கு வாளி தூக்க முதுகு ஒத்துழைக்கவில்லை, இன்னொருவருக்குப் பொழுது போகவில்லை.

பதினெட்டு நாளும் மாமியார் தினமும் வந்தார். காலையில் பத்துச் சொட்டு, மாலையில் பத்துச் சொட்டு. மிச்சத்தைச் சொட்டுக்குழாயால் உறிஞ்சி எடுத்தார். தினம் பாதித் தண்ணீரை மாற்றினார். வாளியைக் காவலாளி தூக்கிக்கொண்டு வந்தார். அவரை எப்படி வழிக்குக் கொண்டுவந்தார் என்பது தெரியவில்லை. முப்பத்தொரு வருடம் ஓடும் ரயிலில் ஆட்களை எழுப்பி நிற்க வைத்தவருக்கு அது பெரிய காரியமாக இருந்திருக்காது.

மாப்பிள்ளை திரும்பி வந்த அன்று, மேலுக்குக் குளிக்கக்கூடப் போகாமல் நேரே மாடிக்கு வந்தார். குடுவையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. எல்லாம் தேறியிருந்தன. முந்திக்கொண்டு தின்ற நான்கு மட்டும் கொழுகொழுவென்று இருந்தன. பொத்தான் அளவைத் தாண்டிவிட்டன. ஒன்றை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். எண்ணினார். கண்ணைக் கசக்கினார். மறுபடி எண்ணினார். இன்னொன்றை எடுத்தார்.

"அண்ணே," என்றார் நண்டுக்காரரிடம், குரலைத் தாழ்த்தி. "என் குடுவையில எங்கம்மாவை விட்டது யாரு?"

"யாரும் விடல தம்பி."

"இதுல நாலு உருப்படிக்கு இருபத்துநாலு இருக்கு. மாமியார் குடுவையில அம்மா எப்படி வருவாங்க?"

நண்டுக்காரர் எழுந்து வந்து பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். இருபது வருடம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்த ஒருவருக்கு இப்படி ஒரு வாய்ப்பு தினமும் வருவதில்லை.

"வெளியிலேருந்து வரல தம்பி," என்றார். "உங்க மாமியாருக்குச் சாப்பாடு போட்டாங்க. அவங்க வளந்து உங்க அம்மாவாயிட்டாங்க."

மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு சொட்டில் கிடந்த பிராணி சாகவும் இல்லை, வளரவும் இல்லை. நாற்பது நாள் அல்ல, நானூறு நாள் வைத்துப் பார்த்திருந்தாலும் பதினாறாகவே இருந்திருக்கும். அவர் விவரித்தது ஒரு புது இனத்தை அல்ல, ஒரு பழைய இனத்தின் பட்டினியை.

விதி தெளிவானது. ஒரே பிராணிக்கு இரண்டு பெயர் இருந்தால் முதலில் வைத்தது நிற்கும், பின்னால் வைத்தது விழும். அம்மா நிற்பார். மாமியார் விழுவார். போதாததற்கு, கடற்கரை ஜெல்லிமீன்களுக்கான கையேடு ஒன்று அச்சுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. இரண்டு இனங்களும் உறுதிதானா என்று மாத முடிவுக்குள் எழுதித் தரும்படி பதிப்பாசிரியரின் கடிதம் மேஜைமேல் கிடந்தது. ஆம் என்று எழுதினால் பொய். இல்லை என்று எழுதினால், அவர் தினமும் சாயங்காலம் போக வேண்டிய வீட்டில்தான் மாமியாரும் இருக்கிறார்.

மனைவியிடம் முதலில் சொன்னார். அவள் மருந்துச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தாள். தோள் குலுங்கியது.

"சிரிக்கிறியா?"

"இல்ல."

"நீ சொல்லேன் அவங்ககிட்ட. பெத்த பொண்ணு சொன்னா..."

"அதெல்லாம் முடியாது. எங்கம்மா உங்கம்மாவா ஆயிட்டாங்கன்னு நீங்களே உங்க வாயால சொல்லுங்க. நான் பக்கத்து ரூம்ல இருந்து கேக்கறேன்."

மறுநாள் காலையில் மாமியார் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "அத்தை, ஒரு பிராணி வளருதுன்னு வைங்க..."

"வளரட்டுமே. நான்தான் சொன்னேனே, சாப்பாடு போட்டா வளரும்னு."

"வளந்தா கொஞ்சம் மாறும்."

"எல்லாரும்தான் மாறறோம். நீங்களே கல்யாணத்தப்ப எப்படி இருந்தீங்க."

அதற்கு மேல் அந்தப் பேச்சு முன்னேறவில்லை. மாப்பிள்ளை வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

புதன்கிழமை வந்தது. மாமியாரும் வந்தார். அன்று கைப்பையோடு மூக்குக்கண்ணாடிக் கூடும் வந்திருந்தது. நாலு மாடிக்குள் சொல்லி முடிக்கும் கதைக்கு இன்னும் கொஞ்சம் சரக்கு வேண்டும் என்று, நுண்ணோக்கியில் தன்னைத் தானே பார்க்க விரும்பினார். மாப்பிள்ளை பதினாறாகவே இருந்த எட்டில் ஒன்றை எடுக்கக் கையை நீட்டினார்.

"அது வேணாம். அந்தக் குண்டா இருக்கறதை எடுங்க. நான் அதைத்தான் நல்லா வளத்தேன்."

வேறு வழி இல்லை. மாமியார் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை வைத்துப் பார்த்தார். வட்டமான ஒன்றை எண்ணுவது கடினம், எங்கே ஆரம்பித்தோம் என்பது மறந்துவிடும். அவருக்கு மறக்கவில்லை. நான்கு குழாய்களுக்கு நடுவே இருந்த நான்கு இடைவெளிகளை நான்கு ரயில் பெட்டிகளாக வைத்துக்கொண்டார்.

"பெட்டிக்கு அஞ்சு. நாலஞ்சு இருபது. குழாய் முனைக்கு ஒண்ணா நாலு." நிமிர்ந்தார். "இருபத்துநாலு."

நண்டுக்காரர் சத்தமில்லாமல் எழுந்து, நண்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

"இது நான் இல்லையே மாப்பிள்ளை."

"நீங்கதான் அத்தை."

"நான் பதினாறு."

"நேத்து வரைக்கும் பதினாறு."

மாமியார் கண்ணாடியைக் கழற்றினார். எத்தனையோ பயணிகள் அந்தப் பார்வைக்கு முன்னால் ஜேபியைத் தடவியிருக்கிறார்கள். மாப்பிள்ளையும் தடவினார். பிறகு இரண்டு சொட்டிலிருந்து தொடங்கி ஒன்று விடாமல் சொன்னார். முடிந்ததும் மாமியார் மூன்று கேள்விதான் கேட்டார்.

"எது முதல்ல வச்ச பேரு?"

"அம்மாவோடது."

"விதிவிலக்கு உண்டா?"

"இல்ல அத்தை."

"நாலு பேரு வளந்தா போதுமா? நாலும் யாரோ ஏறி உக்காந்த ஆளா இருந்தா?"

மாப்பிள்ளைக்கு முதலில் புரியவில்லை. படகுத்துறையில் வாரியபோதே அம்மாவின் குட்டிகள் நான்கு கலந்திருக்கலாம், மற்ற எட்டும் உண்மையாகவே வேறு இனமாக இருக்கலாம் என்கிறார். அது நல்ல கேள்வி. கட்டுரையைச் சரிபார்த்த இரண்டு நிபுணர்களுக்கும் தோன்றாத கேள்வி.

"அப்ப எட்டையும் தனித்தனியா வைங்க," என்றார் மாமியார். "சாப்பாடு போட்டுப் பாப்போம். பதினாறா ஒண்ணே ஒண்ணு நின்னாலும் நான் இருக்கேன்னு அர்த்தம்."

எட்டுப் போத்தல்களில் எட்டு எண்கள் ஒட்டப்பட்டன. ஒற்றைப்படை எண்களுக்கு வயிறார, இரட்டைப்படை எண்களுக்குப் பழைய இரண்டு சொட்டு. மாமியார் ஒரு பதிவேடு தொடங்கினார். காலைத் தீனிக்கு ஒரு குறி, மாலைத் தீனிக்கு ஒரு குறி, போட்டவர் கையெழுத்து. காலை மாமியாரும் மாலை மாப்பிள்ளையும் என்று ஏற்பாடு.

எட்டாம் நாள் ஒன்றாம் எண்ணுக்குப் புது மொட்டுகள் தெரிந்தன, பெட்டிக்கு இரண்டு. ஒன்பதாம் நாள் ஐந்தாம் எண். பத்தாம் நாள் மூன்று. இரட்டைப்படைகள் நான்கும் அசையாமல் பதினாறிலேயே கிடந்தன. அவற்றைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. எல்லாருடைய கண்ணும் ஏழாம் எண்ணின் மேல் இருந்தது. வயிறாரச் சாப்பிடும் வரிசையில் இருந்தும் ஏழு வளரவில்லை. பதினோராம் நாள் பதினாறு. பன்னிரண்டாம் நாள் பதினாறு.

"பாத்தியா," என்று மாமியார் மகளிடம் சொன்னார். "குடும்ப மானத்தை ஏழுதான் காப்பாத்துது." லிஃப்டில் புதிய பதிப்பு ஓட ஆரம்பித்தது: நிறையப் பேர் போலி, அசல் ஒன்று மட்டும் நிற்கிறது.

அது நின்றதற்குக் காரணம் மாப்பிள்ளை.

அவர் கெட்டவர் அல்ல. ஏழாம் நாள் மாலை, ஏழாம் போத்தலின் மேல் சொட்டுக்குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, கூடத்துச் சுவரில் மாட்டிய படம் ஞாபகம் வந்தது. கை தானாகப் பின்னுக்கு வந்தது. பதிவேட்டில் குறி போட்டார், கையெழுத்தும் போட்டார். அடுத்த நாள் மாலை கை பின்னுக்கு வர அவ்வளவு நேரம்கூட எடுக்கவில்லை. மாமியார் காலையில் போட்ட பத்துச் சொட்டையும், அவர் மாடி இறங்கியதுமே, மிச்சத்தை எடுக்கும் சாக்கில் உறிஞ்சிவிட்டார். ஒரு பொத்தானைப் பட்டினி போட்டு ஒரு வீட்டின் நிம்மதியை வாங்குகிறோம், அதில் என்ன தப்பு என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டார். தப்பு என்னவென்று அவருக்கு நன்றாகத் தெரியும். பதிப்பாசிரியருக்கு எழுத வேண்டிய கடிதத்தில் அவர் முதல் வரியைக்கூட எழுதவில்லை.

பதிமூன்றாம் நாள் மாமியார் காலையில் வருவதற்குப் பதிலாகச் சாயங்காலம், மாப்பிள்ளை தீனி போட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் வந்தார். பற்களைக் காட்டப் பல் மருத்துவரிடம் போனதில் காலை வர முடியவில்லையாம். பதிவேட்டைப் பார்த்தார். ஒற்றைப்படை நான்குக்கும் அன்று இரண்டு வேளையும் குறி இருந்தது, காலைக்கும் மாப்பிள்ளையே கையெழுத்துப் போட்டிருந்தார். பிறகு போத்தல்களை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

ஜெல்லிமீனுக்கு ஒளிக்க எதுவும் கிடையாது. உடம்பு கண்ணாடி. ஆரஞ்சுத் தூசியைத் தின்றால், நடுவில் வயிறு ஆரஞ்சு நிறத்தில் விளக்குப் போட்டது மாதிரி தெரியும். ஒன்றில் விளக்கு எரிந்தது. மூன்றில் எரிந்தது. ஐந்தில் எரிந்தது. ஏழு இருட்டாக இருந்தது.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க அத்தை."

"சீட்டு ஒண்ணு சொல்லுது. வயிறு ஒண்ணு சொல்லுது."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளை அதை நிறுத்தினார்.

"எத்தனை நாளா?"

"ஏழு நாளா."

"எனக்காகவா?"

அவர் தலையாட்டினார். மாமியார் ஏழாம் போத்தலை மறுபடி வெளிச்சத்தில் தூக்கினார். அது சிரமப்பட்டுக் குடையைச் சுருக்கி, விரித்து, மேலே வந்து, பிறகு களைத்துக் கீழே இறங்கியது.

"நல்ல எண்ணம்தான்," என்றார். "ஆனா என் பேரை வச்சுட்டு என்னையே பட்டினி போட்டிருக்கீங்க. ஊரெல்லாம் நான்தான் அசல்னு சொல்லிட்டு வந்தேன். அது ஒரு வாய்ச் சோத்துக்கு வழியில்லாம நின்ன அசல்."

"மன்னிச்சிருங்க அத்தை."

"தள்ளுங்க."

சொட்டுக்குழாயை எடுத்தார். ஆரஞ்சுத் தூசியை உறிஞ்சி, ஏழாம் போத்தலின் விளிம்பில் மெல்ல விட்டார். பத்து எண்ணினார். கொஞ்சம் நிறுத்தி, பதினொன்றாவது சொட்டும் விட்டார். ஏழு தின்றது. இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே அதன் வயிற்றில் மெல்லிய மஞ்சள் ஏறியது. பதிவேட்டைத் திறந்து, ஏழு நாள் குறிகளையும் ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் "பயணி சாப்பிடவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாப்பிள்ளையையும் போடச் சொன்னார்.

அடுத்த ஒன்பது நாள் ஏழாம் எண்ணுக்கு இரண்டு வேளையும் மாமியாரே வந்து தீனி போட்டார். பத்தாம் நாள் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "பெட்டிக்கு ரெண்டு மொட்டு." பிறகு, "இரட்டைப்படையெல்லாம் இன்னும் பசியில கெடக்கு. இனி என்ன, அதுகளுக்கும் போடுங்க." அவையும் வளர்ந்தன. பன்னிரண்டும் சம்பந்தியாகிவிட்டன.

சம்பந்திக்குத் தானே சொல்வதாக மாமியார் சொன்னார். வீட்டுக் கூடத்தில், எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"சம்பந்தி, ஒரு விஷயம். நான் நீங்களாயிட்டேன்."

மறுமுனையில் அம்மா கேட்டார்: "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

மாப்பிள்ளை இடையில் புகுந்து ஐந்து நிமிடம் விளக்கினார். அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப அந்தப் பேரை அவங்களுக்கே குடுத்துருப்பா," என்றார்.

"அப்படிக் குடுக்க விதி இல்லம்மா."

"நான் கேட்டேனா உன்னை? நாலு வருஷமா எங்க தெருவுல கடலுக்குக் குளிக்கப் போறவன் எவனுக்கு எது கடிச்சாலும் நேரா என் வீட்டு வாசல்ல வந்து நிக்கறான். காலைத் தூக்கிக் காட்டறான். போன வாரம் ஒருத்தன் முதுகைக் காட்டிட்டுப் போறான். சம்பந்தி, உங்களுக்கு அந்தத் தொல்லை இருந்துச்சா?"

"இல்ல சம்பந்தி," என்றார் மாமியார். அவர் குரலில் முதல்முறையாகக் கொஞ்சம் இரக்கம் இருந்தது. "எங்க பக்கம் யாரும் குளிக்கப் போறதில்ல."

"குடுத்து வச்சவங்க."

அடுத்த அறையில் மகள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை பதிப்பாசிரியருக்கு இல்லை என்று எழுதினார். தன் தவறைத் தானே திருத்தி ஒரு கட்டுரையும் எழுதினார். தீனி முறை, எட்டுப் போத்தல்கள், அடிக்கப்பட்ட ஏழு நாள் குறிகள், எதையும் விடவில்லை. நண்டுக்காரர் படித்துப் பார்த்துவிட்டு, "இரண்டு சொட்டுங்கறது எங்கிருந்து வந்துச்சுன்னு எழுதலையே தம்பி," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எழுத வேணாம். அது நான் ஆரம்பிச்சது," என்றார்.

எழுதியவர் பெயர் போடும் இடத்தில் மாப்பிள்ளை வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தார். கேள்வி கேட்டது அவர் அல்ல. பன்னிரண்டையும் வளர்த்தது அவர் அல்ல. பொய்க் குறியைக் கண்டுபிடித்ததும் அவர் அல்ல, போட்டதுதான் அவர்.

மூன்று மாதம் கழித்து அச்சான பிரதிகள் ஒரு கட்டாக வீட்டுக்கு வந்தன. மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அடிக்கோலை வரிக்குக் கீழே வைத்து, முதல் பக்கத்தை நிதானமாகப் படித்தார். எல்லாவற்றுக்கும் மேலே, எழுதியவர்கள் என்ற இடத்தில் முதலில் அவர் பெயர் இருந்தது, லத்தீன் வால் இல்லாமல், முழுசாக. அடுத்து மாப்பிள்ளை. அதன் கீழே தலைப்பு. நாலு வரி தள்ளித்தான் சம்பந்தியின் பெயர், இனி அந்தப் பிராணிக்கு அது ஒன்றே பெயர் என்று. அதற்கும் கீழே, பொடி எழுத்தில், இனி செல்லாது என்ற குறிப்போடு அவருடைய பழைய பெயர்.

"இது யாரு கீழ, சின்னதா?"

"அதுவும் நீங்கதான் அத்தை. எப்பவும் அந்த இடத்துல இருக்கும். விழுந்த பேரை அழிக்க மாட்டாங்க."

"அப்ப ஒரே பக்கத்துல நான் ரெண்டு தடவை. சம்பந்தி?"

மாப்பிள்ளை பக்கத்தைப் பார்த்தார். "ஒரு தடவை."

"நடுவுல."

"நடுவுலதான்."

மாமியார் கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்தார். கட்டிலிருந்து இன்னொரு பிரதியை உருவி, ஓரம் கசங்கியிருக்கிறதா என்று பார்த்து, மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"சம்பந்திக்கு ஒண்ணு அனுப்புங்க. முதல் பக்கம் வெளியே தெரியற மாதிரி மடிச்சு அனுப்புங்க."